கலை நிகழ்ச்சிகள் நடைபெற்றன

ஆதாரம் கேட்பவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸிலிருந்து சொட்டச் சொட்ட இறங்குகிறவன், "அங்கன பேய் மழை அண்ணாச்சி" என்று சொன்னால், "யாரு சொன்னா?" என்று கேட்பவர் அவர்தான். "யாரும் சொல்லணுமாக்கும்? நான்தான் நனைஞ்சிருக்கேனே!" என்று அவன் வேட்டியைப் பிழிந்து காட்டுவான். அவர் அசைவாரா? "நீரு நனைஞ்சதை நான் இல்லைங்கல வே. மழையிலதான் நனைஞ்சீருங்கதுக்கு என்ன ஆதாரம்?" என்பார்.

கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் பாயசம் பிரமாதம் என்று சொன்னால், எதிர் வரிசையிலும் ஒருவரிடம் விசாரித்துவிட்டுத்தான் தன் இலையில் இருப்பதைத் தொடுவார். துட்டி வீட்டுக்குப் போனால் எத்தனை மணிக்கு உயிர் போனது என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். சட்டைப் பையில் சிவப்புப் பென்சில், கக்கத்தில் ஒரு பைல், மேஜை டிராயரில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு. இவை மூன்றும் இல்லாமல் அவரைப் பார்த்தால் அவர் இல்லை என்று அர்த்தம். அவருக்கு ஒரு வாசகமும் உண்டு. எதிரில் இருப்பவர் மன்றாடி முடித்ததும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மிகுந்த இரக்கத்தோடு அதைச் சொல்வார்: "நான் நம்புதேன். ஆனா நான் நம்பினா போதுமா?"

இவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து இவருக்குத்தான் நான் சவரம் செய்கிறேன்.

பெயர் சங்கரசுப்பு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் பத்திரிகை ஏஜென்சி. கடைக்குப் பின்னாலேயே வீடு. பத்திரிகை விற்பதோடு அதற்குச் செய்தி அனுப்புகிறவனும் நான்தான். அச்சில் 'நமது நிருபர்' என்று வரும் அந்தப் பெரிய மனிதர் காலையில் சைக்கிளில் பேப்பர் போடுவதைப் பார்த்து ஊரில் யாரும் ஆச்சரியப்பட்டதில்லை. நான்தான் அவ்வப்போது ஆச்சரியப்பட்டுக்கொள்வேன்.

எண்பத்தொன்றாம் வருஷம் திருநெல்வேலியில் கற்றவர்கள் சிலர் கூடி, 'நெல்லைச் சீமைக் கலைக்களஞ்சியம்' என்று ஒரு புத்தகம் போடுவதென்று முடிவு செய்தார்கள். மாவட்டத்தில் உள்ள பாட்டு, கூத்து, மேளம், நாடகம், ஓவியம் என்று எந்தக் கலையில் பெயர் எடுத்தவராக இருந்தாலும் அகர வரிசைப்படி அதில் இடம் பெறுவார். செயலாளர் துரைப்பாண்டி, ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். முதல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். செய்தி எடுக்கப் போனவன் செய்தி எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டியதுதானே? எழுந்து நின்று, "கண்டவங்க பேரையெல்லாம் சேர்த்தா இந்தப் புத்தகம் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டேன். சபை அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. மூன்று விதிகளை அங்கேயே முன்மொழிந்தேன்.

ஒரு கலைஞரைச் சேர்க்க வேண்டுமானால் அவரைப் பற்றி அச்சில் வந்த ஆதாரம் இரண்டாவது வேண்டும். அவற்றைக் கலைஞரோ அவருடைய சொந்தக்காரரோ எழுதியிருக்கக் கூடாது, அவரை அழைத்தவர்கள் செலவில் அச்சடித்ததாகவும் இருக்கக் கூடாது. வெறுமே பெயர் வந்தால் போதாது, அவரைப் பற்றி நாலு வரியாவது இருக்க வேண்டும். துரைப்பாண்டி ஐயா அசந்துபோய், சங்கரன்கோவில் தாலுகாவுக்கு ஆதாரச் சரிபார்ப்பாளராக என்னையே போட்டுவிட்டார். விதிகளை சைக்ளோஸ்டைல் எடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளை நான் எத்தனை முறை படித்தேன் என்பதை என் மனைவி கோமதித்தாயிடம் கேட்டால் சொல்லுவாள். கேட்காதீர்கள்.

அன்று முதல் மாலை நேரங்களில் கடை பெஞ்சில் கலைஞர்கள் உட்கார ஆரம்பித்தார்கள். மேலநீலிதநல்லூரிலிருந்து நையாண்டி மேளக்காரர் ஒருவர் நாயனத்தோடு வந்து, "வாசிச்சுக் காட்டட்டா?" என்று கேட்டார். "வாசிக்கிறது ஆதாரம் ஆகாது" என்று சொன்னேன். அவர் நாயனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். இப்படி ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகும்போது புத்தகத்தின் தரம் ஒரு படி ஏறியது போல எனக்கு இருந்தது.

எல்லோரையும் திருப்பி அனுப்பினேன் என்று நினைத்துவிடாதீர்கள். சுயம்புலிங்கம் தேறினார். அரிசி மில் முதலாளி, நாடகக் கலைஞர். வாலிபத்தில் ஒரே ஒரு நாடகத்தில் சேவகனாக வந்து ஈட்டியைத் தவறவிட்டவர். ஆனால் அவரிடம் பதினொரு பத்திரிகை நறுக்குகள் இருந்தன. கலை விழாவைத் தொடங்கி வைத்தார், கலை விழாவுக்குத் தலைமை தாங்கினார், கலை விழாவில் பொன்னாடை பெற்றார். ஒவ்வொன்றும் எட்டு வரி, பத்து வரி, இரண்டில் படம்கூட. பதினொன்றையும் ஸ்டாம்பு போட்டு அனுப்பினேன். அத்தனையும் அவரே தாளில் எழுதிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, நான் கவரில் போட்டு அனுப்பியவைதான். இருந்தால் என்ன? அச்சில் மேலே 'நமது நிருபர்' என்றல்லவா இருந்தது!

மறு வருஷம் ஆடித்தபசு முடிந்த ஒரு வாரத்தில் முப்பிடாதியம்மாள் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய வில்லுப்பாட்டுக்காரி. வீசுகோலைத் தூக்கி வில்லில் ஓர் அடி அடித்தால் பூக்கடை வரை திரும்பிப் பார்க்கும் என்பார்கள். புருஷன் மூக்காண்டி பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடிப்பார். தபசுத் திருவிழாவின்போது வியாபாரிகள் கமிட்டி ஒன்று போடும் கலைமேடையில் இருபத்திரண்டு வருஷமாக அவர் பாடி வந்தார்.

"அடுத்த வருஷம் முதக்கொண்டு புத்தகத்துல பேரு இருக்கவங்களுக்குத்தான் மேடைன்னு கமிட்டியில சொல்லிட்டாவ அண்ணாச்சி. அந்த மேடையில கேட்டுட்டுப் போய்த்தான் மத்த ஊர்க்காரங்க கோவில் கொடைக்குப் பாடக் கூப்பிட்டு வெத்தலை வைக்காவ. மேடை போச்சுன்னா எனக்கு வருஷமே போச்சு. பேரைச் சேத்துவிடுங்க" என்றார்.

அப்படி ஒரு யோசனையைக் கமிட்டிக்குச் சொன்னது யார் என்று கேட்கிறீர்களா? தரம் உயரட்டுமே என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது நான்தான் சொல்லி வைத்தேன். அதை அந்த நேரத்தில் முப்பிடாதியம்மாளிடம் சொல்வது முறையாகப் படவில்லை.

"ஆதாரம் கொண்டாந்திருக்கீங்களா?" என்றேன்.

பையைக் கவிழ்த்தார். இருபத்திரண்டு வருஷத்துத் திருவிழா நோட்டீஸுகள் பெஞ்சில் விழுந்தன. எல்லாவற்றிலும் அவர் பெயர், சிலவற்றில் கொட்டை எழுத்தில். சிவப்புப் பென்சிலை எடுத்தேன். "இது கூப்பிட்டவங்களே அடிச்சது. செல்லாது."

மைக் செட் வைக்க போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த அனுமதிக் கடிதம். "இதுல மைக்கைப் பத்தித்தான் இருக்கு. உங்க பாட்டைப் பத்தி ஒரு வரி இல்ல."

கடையநல்லூர் முகம்மது மைதீன் துபாயிலிருந்து எழுதிய நாலு பக்கக் கடிதம். ஊருக்கு வந்திருந்தபோது டேப் ரிக்கார்டரில் பதிந்துகொண்டு போன அவருடைய பாட்டை அங்கே வெள்ளிக்கிழமை தோறும் பத்துப் பதினைந்து பேர் கூடிக் கேட்பதாகவும், மலையாளிகள்கூட வந்து உட்காருவதாகவும், கேசட் தேய்ந்துவிட்டதால் அடுத்த முறை இரண்டாகப் பதிய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். படித்தபோது எனக்கே நெஞ்சு கொஞ்சம் இளகியது. சமாளித்துக்கொண்டேன். "கையெழுத்தால்லா இருக்கு? அச்சுல இருக்கணும்."

"கேசட்டே ஒண்ணு இருக்கு அண்ணாச்சி."

"கேசட்டை பைல்ல ஒட்ட முடியாதும்மா."

அவர் எல்லாவற்றையும் அடுக்கினார். நான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். "நான் நம்புதேன். ஆனா நான் நம்பினா போதுமா? பேப்பர்ல ஒரு நாலு வரி வந்திருந்தா..."

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? நம்ம ஊர்லேருந்து பேப்பருக்கு எழுதுதது யாரு?"

"நான்தான்."

"வேற யாரும்?"

"வேற யாரு? பத்தொம்பது வருஷமா நான் ஒருத்தன்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

முப்பிடாதியம்மாள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று இறங்கிப் போனார். உள்ளேயிருந்து கோமதித்தாய் சிரித்தாள். மறைத்துக்கூடச் சிரிக்கவில்லை.

என் செய்திகளை வெட்டி ஒட்டிய நீள நோட்டுகள் பரணில் இருந்தன. இறக்கித் தூசி தட்டினேன். அறுபத்து நாலாம் வருஷத்திலிருந்து தபசுச் செய்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். "திருவிழா சிறப்பாக நடந்தது. திரளான பக்தர்கள் கலந்துகொண்டனர். கலை நிகழ்ச்சிகள் நடைபெற்றன." அறுபத்தைந்து: கலை நிகழ்ச்சிகள் நடைபெற்றன. எழுபது: நடைபெற்றன. எழுபத்தெட்டில் மட்டும் அதற்கு மறுநாள் ஒரு தனிச் செய்தி இருந்தது: "கூட்டம் காரணமாக பஸ் போக்குவரத்து இரண்டு மணி நேரம் பாதிக்கப்பட்டது." என்ன கூட்டம், எதற்குக் கூட்டம் என்று எழுதவில்லை. முப்பிடாதியம்மாள் பாட்டைக் கேட்க ஜனங்கள் நடு ரோட்டில் உட்கார்ந்துகொண்டதால் வந்த கூட்டம் அது. ஊருக்கே தெரியும். நிருபருக்குத்தான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பேப்பரில் வர வேண்டுமானால் செய்திக் கவர் மாலை ஆறு மணி பஸ்ஸில் கண்டக்டர் கையில் போய்ச் சேர வேண்டும். மேடையில் பாட்டு தொடங்குவதோ ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆகவே ஐந்து மணிக்கே உட்கார்ந்து, நடக்காத நிகழ்ச்சி நடைபெற்றதாக எழுதி அனுப்பிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடுவேன். பத்தொன்பது வருஷமும் அப்படித்தான். ஊரில் எல்லோரிடமும் ஆதாரம் கேட்ட நான், மேடைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் அதை எழுதியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

ஆவணியில் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கோவில் கொடை. மதியக் கொடைக்கு முப்பிடாதியம்மாள் பாட்டு. பஸ் ஏறிப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்தேன். உச்சி வெயில். ஒரு கிளைக் கதையில் பிள்ளையைத் தேடிக்கொண்டு தாய் ஒருத்தி வருகிறாள். வீடு வீடாகக் கேட்கிறாள். முப்பிடாதியம்மாள் வீசுகோலை வில்லில் வைத்துவிட்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல், வெறுங்குரலில் "எம்மவனைக் கண்டியளா?" என்று முன்னால் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டார். என்னையும் பார்த்துக் கேட்டார். "காணலையே தாயி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருஷம் இதை விட்டுவிட்டேனே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, என் மீதே.

திரும்பி வந்து நாற்பத்திரண்டு வரி எழுதினேன். கண்டக்டரிடம் கவரைக் கொடுத்து, "முக்கியமான நியூஸ் வே, பத்திரம்" என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு நாள் கழித்து அச்சில் வந்தது. "கரிவலம்வந்தநல்லூரில் கோவில் கொடை விழா நடந்தது. கலை நிகழ்ச்சிகள் நடைபெற்றன." ஆபீசில் இருக்கும் உதவி ஆசிரியர் என்ன செய்வார்? பத்தொன்பது வருஷமாக நான் பழக்கிவிட்டதைத்தானே செய்வார்?

துரைப்பாண்டி ஐயாவுக்குக் கடிதம் எழுதினேன். விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம், நானே நேரில் கேட்டேன், சாட்சி சொல்கிறேன் என்று மன்றாடினேன். பதில் கார்டில் வந்தது. "அன்புடையீர், தங்கள் உணர்வை மதிக்கிறேன். நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்பினால் போதுமா? விதிகளை முன்மொழிந்தவர் தாங்களே என்பதை நினைவூட்டுகிறேன்." என் வாசகம் திருநெல்வேலி வரை போயிருந்தது. வேறொரு சமயமாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

மறு வருஷம் சித்திரையில் புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, அறுநூறு பக்கம். கையில் வாங்கியதும் முதலில் எந்தப் பக்கத்தைத் திறந்தேன் என்று சொல்லமாட்டேன். ச வரிசை. 'சங்கரசுப்பு' என்று யாரும் இல்லை. 'சுயம்புலிங்கம்' அரைப் பக்கத்துக்கு இருந்தார், அடியில் பதினொரு ஆதாரங்களோடு. மகர வரிசையில் 'முப்பிடாதியம்மாள்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முரசுப் படம் போட்டிருந்தார்கள், இடம் காலியாக இருக்க வேண்டாமென்று.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். அவர் வாங்கி மடியில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் புரட்டினார். ஊர்களைப் பற்றிய பகுதியில் சங்கரன்கோவில் வந்தது. விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்கன இருக்கேன்லா!" என்றார்.

எட்டிப் பார்த்தேன். "ஆடித்தபசு நாட்களில் கலை நிகழ்ச்சிகள் நடைபெறும்" என்று இருந்தது. மூக்காண்டி குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "எனக்கும் சேத்துத்தான போட்டிருக்காவ?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கொண்டுபோயிருந்த மன்னிப்பை வெளியே எடுக்கவே இல்லை. டம்ளரில் தந்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஆடியில் மேடை சுயம்புலிங்கத்துக்குப் போனது. புத்தகத்தில் பெயர் இருந்ததல்லவா? 'கலையும் வாழ்வும்' என்ற தலைப்பில் இரண்டரை மணி நேரம் பேசினார். வழக்கம்போல ஐந்து மணிக்குச் செய்தி எழுத உட்கார்ந்தவன், 'கலை நிகழ்ச்சிகள்' வரை வந்து பேனாவை மூடிவிட்டேன். ஆறு மணி பஸ் கவர் இல்லாமல் போனது. மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மேலநீலிதநல்லூரிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள், "ஏலே, முப்பிடாதி எங்கலே? அவ பாட்டுக்குல்லா வந்தோம்!" என்று கமிட்டிக்காரர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். செருப்பு ஒன்று மேடைப் பக்கம் பறந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, ஆகையால் எழுதவில்லை.

மறுநாள் எழுதி அனுப்பினேன். நேரில் பார்த்த பிறகு நான் எழுதிய முதல் தபசுச் செய்தி. ஒரு வரி வெட்டாமல், பெட்டி கட்டி வந்தது: "வில்லுப்பாட்டு இல்லாததால் பக்தர்கள் ஏமாற்றம்." ரகளை என்றால் உதவி ஆசிரியருக்கு இனிக்கும். 'இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாடி வந்த முப்பிடாதியம்மாள்' என்று ஒன்பது வரி, முழுக்க அவரைப் பற்றி.

அவர் கடைக்கு வந்து அந்தப் பேப்பரில் ஒன்று வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார்.

"இது ஆதாரத்துல சேருமா அண்ணாச்சி?"

யோசித்தேன். கலைஞர் எழுதியதல்ல, சொந்தக்காரர் எழுதியதல்ல, வெறும் பெயர் மட்டுமல்ல. "சேரும்."

"ரெண்டு வேணும்லா?"

"ரெண்டு வேணும்."

"கமிட்டிக்காரங்க காலையில வீட்டுக்கு வந்துட்டாவ. பேப்பர்லயே வந்துட்டு, அடுத்த வருஷம் நீங்கதான் பாடணும்னு வெத்தலையும் வச்சிட்டுப் போயிட்டாவ." பேப்பரை நாலாக மடித்தார். "பாடினா மேடை உண்டு, பேப்பர்ல பேரு வராது. இன்னும் ஒரு வருஷம் பாடாம இருந்தா ரெண்டாவது ஆதாரம் வந்துரும், புத்தகத்தை அடுத்த தடவை போடும்போது ஏறிரலாம். நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

பேப்பர் போட்டவன், செய்தி எழுதியவன், விதி செய்தவன் மூன்று பேரும் அங்கேயே நின்றிருந்தோம்.

"வெத்தலையை வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கதை இவ்வளவுதான். இதுவரை பொறுமையாகப் படித்துவிட்டீர்கள். ஆனால் நடுவில் எங்கேயோ ஓரிடத்தில், இப்படி ஒரு முப்பிடாதியம்மாள் உண்மையிலேயே இருந்தாரா, இருந்தால் எந்தப் புத்தகத்தில் இருக்கிறார், அந்த ஒன்பது வரி நறுக்கு இப்போது யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்திருக்குமே? எழுந்ததா இல்லையா? கூச்சப்படாதீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் என் கடை பெஞ்சில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. வரும்போது, நீங்கள் நீங்கள்தான் என்பதற்கு அச்சில் வந்த ஆதாரம் இரண்டு கொண்டு வாருங்கள்.